எந்த நாளில் ஆற்றில் இறங்க மாட்டீர்கள்?

புதிதாக முகவர் உரிமம் வாங்கியிருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பத்தோரு வருடம் இந்த மாவட்டத்தில் ஆயுள் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவன் நான். தொழில் ரகசியம் என்று என்னிடம் எதுவும் இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதை என் முகத்துக்கு நேரே காட்டிய ஒரு பெண்மணியும், அதைச் சரிசெய்ய வந்த இன்னொரு பெண்மணியும் இருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் நினைக்காமல் இந்தத் தொழிலைப் பற்றி என்னால் பேச முடியாது.

நீங்கள் போனில் வயதைத் தட்டினால் பிரீமியம் வந்துவிடுகிறது. எண்பதுகளில் எங்களிடம் இருந்தது சட்டைப்பையில் அடங்கும் ஒரு புத்தகம். ரேட் புக் என்போம். ஒரு பக்கம் வயது இருக்கும், மேலே எத்தனை வருடத் திட்டம் என்பது இருக்கும். இரண்டும் சந்திக்கிற கட்டத்தில், ஆயிரம் ரூபாய் காப்பீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்ற எண். அந்த எண் நல்ல உடம்போடு, ஆபத்தில்லாத வேலை செய்கிறவருக்கானது. அதற்கு மேல் எவ்வளவு கூடும் என்பதைக் கடைசிப் பக்கங்கள் சொல்லும். வெடிமருந்து, சுரங்கம், மின்கம்பம், கடல் என்று வேலைகளின் பட்டியல் அங்கே இருக்கும். அந்தப் பக்கங்களை நான் அதிகம் திருப்பியதில்லை. முதல் எண்ணைக் கேட்டதும் தலையாட்டுகிறவரிடம் இரண்டாவது எண்ணைச் சொல்வானேன் என்று நினைத்த காலம் அது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அப்பாவுக்குக் கடத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் புஞ்சை. மழையை நம்பி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை, முகவர் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி ஒகேனக்கல் போய்விடுவேன். ஊர் உலகமெல்லாம் அருவியில் குளிக்க வருகிற நாள். நான் குளிக்க வந்தவர்களை விட்டுவிட்டு, அங்கேயே பிழைக்கிறவர்களிடம் பேசுவேன். கடைக்காரர்கள், மசாஜ் செய்கிறவர்கள், பரிசல்காரர்கள்.

பரிசல்காரர்களில் மூன்று பேர் ஏற்கெனவே என்னிடம் பாலிசி எடுத்திருந்தார்கள். மூவரின் விண்ணப்பத்திலும் தொழில் என்ற இடத்தில் நான் எழுதியது 'விவசாயம்'. அதை முழுப் பொய் என்று நான் நினைக்கவில்லை. அவர்களில் ஒருவனான கோவிந்தனுக்கு ஏரியூர் பக்கம் அரை ஏக்கர் கொல்லை இருந்தது, மழை பெய்தால் கேழ்வரகு போடுவான். மற்ற இருவருக்கும் அப்படி ஏதோ ஒரு துண்டு. மீதி நாளெல்லாம் ஆற்றில் என்பதை நான் எழுதவில்லை, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோவிந்தனின் அக்கா முனியம்மா பஸ் நிறுத்தத்திலிருந்து ஆற்றுக்கு இறங்குகிற வழியில் மீன் வறுத்து விற்றார். முப்பது வயதைத் தாண்டியவர், வேகமான கை. அவர் கணவர் மாதையனும் பரிசல்காரர்தான். ஒரு மார்ச் மாத ஞாயிறு, முனியம்மாவின் கடைப் பலகையில் உட்கார்ந்து கெண்டை வறுவல் தின்றுகொண்டே மாதையனுக்கான பிரீமியத் தொகையைச் சொன்னேன். மார்ச் முடிவதற்குள் இன்னும் நான்கு பாலிசி சேர்ந்தால் கிளையின் பரிசுப் பட்டியலில் என் பெயர் வரும்.

முனியம்மா கரண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்க, பென்னாகரத்து ஐயா இதவிட ஜாஸ்தி சொன்னாருங்களே. ரெண்டு பேரும் ஒரே ஆபீசுதான?"

பென்னாகரத்து ஐயா என்றால் தபால் இலாகாவில் ஓய்வு பெற்று முகவர் வேலை பார்த்த ஒருவர். மாதத்துக்கு ஒரு பாலிசி பிடித்தால் அதிகம். எங்களுக்குள் அவரைக் கேலி செய்வோம்.

"ஒரே ஆபீசுதாம்மா. அவருக்கு வயசாயிருச்சு. கணக்கு சரியா வராது."

"கணக்கு வராதவரு மாதிரி தெரியலீங்க. எங்கூட்டுக்காரர உக்கார வச்சு என்னென்னமோ கேட்டாரு. எத்தன மாசம் ஆத்துல, நீச்சல் தெரியுமா, உங்கப்பா எதுல செத்தாருன்னு. ஆத்து வேலைக்கு ஆபீசுல கொஞ்சம் சேத்துப் போடுவாங்க, இது சுமாருதான், சரியா எவ்வளவுன்னு அவங்கதான் சொல்லணும்னாரு. நீங்க ஒண்ணியும் கேக்கல. மீனு திங்கறதுக்குள்ள வெல சொல்லிட்டீங்க."

சிரித்துச் சமாளித்தேன். உங்களுக்காகப் பார்த்துக் குறைத்துச் சொல்கிறேன் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. நம் தொழிலில் யாரும் யாருக்காகவும் பார்த்துக் குறைக்க முடியாது. அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப அதையே எழுதிக் குடுங்க" என்றார். விளம்பரத் தாளின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பாலிசி வந்துவிட்டது என்று சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை கிளை அலுவலகத்தில் நான் வேறு விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மேலாளரின் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே முனியம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடையை மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி தர்மபுரிக்கு வந்திருக்கிறார். மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்று பென்னாகரத்து ஐயா எழுதியது, மற்றது நான் எழுதியது.

"சார், இதுல எது நெசம்னு கேக்கத்தான் வந்தேன். தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரே கம்பெனி, ஒரே ஆளு, ஒரே வயசு. எதுக்கு ரெண்டு வெல?"

எங்கள் மேலாளர் அதிகம் பேசாதவர். அன்று அவர் பொறுமையாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அம்மா, ஆயிரம் பேர் சேந்து பணம் கட்டுறாங்கன்னு வச்சுக்குங்க. அதுல வருஷத்துக்கு எத்தன குடும்பத்துக்குப் பணம் குடுக்க வேண்டி வரும்னு பாத்து வச்ச வெல இது. வயசு கூடினா கூடும். உடம்புல நோவு இருந்தா கூடும். வேலையில ஆபத்து இருந்தா கூடும். உங்க வீட்டுக்காரரப் பத்தி நாங்க என்ன கேட்டமோ, நீங்க என்ன சொன்னீங்களோ, அதுலருந்துதான் வெல வரும்."

"அப்ப இவரு கொறச்சு சொன்னது?"

"ஏஜெண்டு இஷ்டத்துக்குக் கொறைக்க முடியாதும்மா. தன் கைக்காசப் போட்டுக் கட்டவும் கூடாது." மேலாளர் என்னைப் பார்த்தார். "தொழில்னு என்ன எழுதப் போற?"

"விவசாயம்னு..." என்று இழுத்தேன்.

"எங்கூட்டுக்காரரு மம்புட்டி புடிச்சு நான் பாத்ததே இல்லீங்க" என்றார் முனியம்மா. அதில் கிண்டல் இல்லை. உண்மையாகவே திகைத்துப்போய்ச் சொன்னார். பிறகு அவர் முகம் மாறியது. "சார், எந்தம்பி கோவிந்தனுக்கும் இவருதான் போட்டுக் குடுத்தாரு. அதுல என்னா எழுதியிருக்குதுன்னு கொஞ்சம் பாக்கறீங்களா?"

கோப்பு வந்தது. மேலாளர் படித்துக் காட்டினார். முனியம்மா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கி அவனுக்கு ஆத்துல ஒண்ணு ஆச்சுன்னா, வெவசாயி எதுக்கு ஆத்துக்குப் போனான்னு கேப்பீங்களா?" என்று மேலாளரிடம் கேட்டார்.

"பாலிசி எடுத்து ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா விசாரிப்போம். கேப்போம். எழுதினது பொய்யின்னா பணம் வராது" என்றார் மேலாளர்.

என்னை வெளியே கூட்டிப்போய் அவர் சொன்னது இரண்டே வாக்கியம். "மூணு பேரும் நல்லா இருக்கும்போதே, நீ எழுதினது தப்புன்னு உன் கையாலயே எழுதிக் குடு. வேற யாராவது கண்டுபிடிச்சா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

எழுதினால் உரிமம் போகலாம். கமிஷனைத் திருப்பிக் கேட்பார்கள். பரிசுப் பட்டியலைப் பற்றி நினைக்கவே வேண்டாம். எழுதாமல் விட்டால்? மூன்று பேரும் இளவயது. இரண்டு வருடம் ஓடிவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரிகூட எழுதாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன்.

பென்னாகரம் பஸ் நிற்கிற இடத்தில் முனியம்மா நின்றிருந்தார்.

"எழுதிட்டீங்களா?"

"இல்லீங்க."

"எழுதிட்டு வாங்க. அடுத்த பஸ்ஸு இருக்குது. எந்தம்பிகிட்ட நானும் கூட வர்றேன். நீங்க தனியா போனா அவன் அடிச்சாலும் அடிச்சுருவான்."

திரும்பிப் போய் எழுதினேன். எனக்குத் தைரியம் வந்ததால் எழுதினேன் என்று சொல்ல ஆசைதான். ஒரு பெண் வியாபாரத்தை விட்டுவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார், அவரை இன்னும் காக்கவைக்கக் கூடாது என்பதுதான் அன்று என்னிடம் இருந்த ஒரே காரணம். அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலம் மூன்று வீட்டுக்கும் என்னோடு வந்தார். மற்ற இருவரும் ஆபீஸ் சொல்வதைக் கட்டுகிறோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். கோவிந்தன் சிரித்தான். "தொழில் வெவசாயமா? எம் பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவா" என்றான். அவன் மனைவி சின்னப்பொண்ணு இடுப்பில் குழந்தையோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

என் கடிதம் கோட்ட அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் கையேட்டில் எத்தனையோ தொழில்கள் இருந்தன, பரிசல் இல்லை. இல்லாத தொழிலுக்கு மறுப்பு என்று ஒரு வரி எழுதிக் கோப்பை மூடுவது எந்த அதிகாரிக்கும் சுலபம். எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கோப்பு யார் மேசைக்குப் போனதோ அந்த அதிகாரி அப்படிச் செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, தோளில் ஒரு ஜோல்னாப் பையும் கையில் கோப்புமாக கிளை அலுவலகத்துக்கு வந்து இறங்கினார். என் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண்மணி. "பரிசல்னா என்னன்னு நான் பார்த்ததே இல்ல. பார்க்காம எப்படி விலை போடறது?" என்று மேலாளரிடம் கேட்டாராம். என்னோடு பஸ்ஸில் ஒகேனக்கல் வந்தார்.

மாதையனின் பரிசலில் ஏறினார். ஏறும்போதே அது ஒரு பக்கம் சாய்ந்தது, விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீச்சல் தெரியுங்களா மேடம்?" என்று மாதையன் கேட்டார்.

"தெரியாது. மெதுவாப் போங்க."

இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே தண்ணீர் கறுத்து அசையாமல் கிடக்கிற இடத்துக்கு வந்தோம். இங்கே ஆழம் எவ்வளவு என்று கேட்டார். "கோலு எட்டாதுங்க" என்றார் மாதையன். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் இருக்கும். பிறகு திறந்து, முழங்கால்மேல் கோப்பை வைத்து எழுத ஆரம்பித்தார். பயப்படுகிறவர் பயத்தை மறைக்காமலே வேலை பார்ப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

கரைக்கு வந்ததும் பரிசல்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் கோபம் கலந்த ஆர்வம். "ஆபத்தெல்லாம் இல்லீங்க மேடம், பொறந்ததுலருந்து ஆத்துலதான் கெடக்கறோம்" என்று ஒருவர் தொடங்கினார். ஆபத்தா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"எந்த நாள்ல ஆத்துல இறங்க மாட்டீங்க?" என்று கேட்டார்.

பிறகு ஒவ்வொருவராக, யோசித்து யோசித்துச் சொன்னார்கள். அணையில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தால் இறங்குவதில்லை. தண்ணீர் மண் நிறத்துக்கு மாறினால் இல்லை. குறிப்பிட்ட ஒரு பாறை முழுகினால் சவாரி கிடையாது, அதிகாரிகளும் நிறுத்திவிடுவார்கள். பயணிகளை ஏற்றுகிறவர்கள் ஒரு மாதிரி, வலை போடுகிறவர்கள் வேறு மாதிரி. சவாரி பகலில், பாதுகாப்பான இடத்தில். வலை போட்டவன் அது எங்கே மாட்டியிருக்கிறதோ அங்கே போக வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்த ஆற்றைப் பற்றி நான் இரண்டு வருடத்தில் தெரிந்துகொள்ளாததை அவர் தெரிந்துகொண்டார்.

"நிறுத்தணும்னு முடிவு பண்ணுன பிறகு, உங்கள்ல கடைசியா கரையேறுறது யாரு?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எல்லோர் கண்ணும் கோவிந்தன் பக்கம் போனது. அவனுக்குப் பெருமை.

"தண்ணி கலங்கி வந்தாக்கூட எறங்குவேன் மேடம். வலை கெடக்குதுல்ல? அத எவன் குடுப்பான் திருப்பி?"

அந்த அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு முனியம்மாவின் கடையில் உட்கார்ந்தோம். அந்த அம்மா மீன் சாப்பிடாதவர், டீ மட்டும் வாங்கிக்கொண்டார். "வெள்ளம் வந்து ஒரு மாசம் பரிசல் நின்னுட்டா வீட்டுல என்ன பண்ணுவீங்க?" என்று முனியம்மாவைக் கேட்டார்.

"நான் இருக்கறேனே" என்றார் முனியம்மா. "அருவிக்கு ஆளு வரலீன்னா கருவாட்டத் தூக்கிக்கிட்டு பென்னாகரம் சந்தைக்குப் போவேன். ஏரியூரு பக்கம் வூடு வூடா கூடைய எறக்குவேன். இவரு ஆத்துல இல்லாத மாசமெல்லாம் அடுப்பு என்னுதுலதானுங்க எரியுது."

அந்த அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பினார். "இவங்க பேர்ல ஒண்ணும் இல்லையா?"

இரண்டு வருடமாக அந்தப் பலகையில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன். அந்த வீட்டில் யாருடைய உழைப்பு நின்றால் எல்லாம் நின்றுபோகும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் பெண்களுக்கு விதிகள் கடுமையாக இருந்தன. சொந்த வருமானத்துக்குச் சான்று இல்லாவிட்டால் பெரிய தொகை கிடையாது. நான் இதைச் சொன்னதும் முனியம்மா கடைக்குள் போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். கடை போட்ட இடத்துக்குப் பஞ்சாயத்தில் கட்டிய வாடகை ரசீதுகள், சந்தையில் சுங்கம் கட்டிய துண்டுகள், எல்லாம் நூலில் கோத்து இருந்தன.

"எதுக்குங்க இதெல்லாம் வச்சிருக்கீங்க?" என்று அந்த அம்மா ஆச்சரியமாகக் கேட்டார்.

"கட்டல்லேன்னு நாளைக்கி எவனாவது சொன்னா காட்டணும்ல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி ஆட்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டது போல எனக்குத் தோன்றியது. ஒருவர் மீன் விற்கிறவர், ஒருவர் கோப்பு பார்க்கிறவர். இருவருமே எதிரில் இருப்பவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மரியாதை குறையாமல், இன்னொரு கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள்.

முடிவு ஒரு மாதத்தில் வந்தது. சவாரி மட்டும் போகிற மாதையனுக்கும், என்னிடம் எடுத்திருந்த மற்ற இருவருக்கும் ஆற்று வேலைக்காகச் சிறிய கூடுதல். முனியம்மா கணவருக்கு நினைத்ததைவிடக் குறைந்த தொகைக்கு எடுத்துக்கொண்டு, தன் பேரிலும் ஒன்று எடுத்தார். பென்னாகரத்து ஐயா மூலமாகத்தான் எடுத்தார். முதலில் சரியாகக் கேட்டவர் அவர்தானே என்றார். எனக்கு வலித்தது. அந்தப் பெரியவரின் கணக்கும், கோட்ட அலுவலகம் போட்ட கணக்கும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. அதன்பிறகு எங்கள் கிளையில் அவரைக் கேலி செய்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

கோவிந்தனுக்கு வந்தது பெரிய கூடுதல். கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"கேட்டதுக்கு நெசத்த சொன்னா தண்டமா? நீ எழுதுன தப்புக்கு நான் எதுக்குய்யா கட்டணும்?"

அவன் கேட்டது நியாயம். "கூடுதல நான் கட்டிடறேன்" என்று வாய்தவறிச் சொன்னேன்.

"அது கூடாதுன்னு உங்க மேனேஜரு அன்னைக்கே சொல்லல?" என்று முனியம்மா என்னை அடக்கினார். பிறகு தம்பியிடம் திரும்பினார். "தப்பு அவரோடதுதான். யாரு இல்லேன்னா? அந்தத் தப்ப அப்பிடியே வச்சுக்கிட்டு நீ போய்ச் சேந்தீன்னா, உம் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்களயும் வச்சுக்கிட்டு எந்த ஆபீசுல போயி நிப்பா? நம்ம அப்பன் ஆத்தோட போனப்ப ஆத்தா யாருகிட்ட போயி நின்னா, உனக்கு ஞாபகம் இருக்குதா?"

அவன் ஆற்றுப் பக்கம் போய்விட்டான். மூன்றாம் நாள் பஸ் ஏறிக் கிளைக்கு வந்து, யாரிடமும் பேசாமல், திருத்தத்தில் கையெழுத்துப் போட்டு, வித்தியாசத்தையும் கட்டிவிட்டுப் போனான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உரிமம் தப்பியது. கமிஷனைத் திருப்பிக் கட்டினேன், எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கோப்பில் ஏறியது.

அடுத்த வருடம் ஆடிக் கடைசியில் வெள்ளம் வந்தது. பரிசல்களையெல்லாம் கரையேற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். கோவிந்தன் வலையை எடுத்து வருகிறேன் என்று போனான். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தான்.

நான் போனபோது முனியம்மா தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகை அதிகமானது. அங்கே நின்றபோது எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை. அன்றைக்கு அந்தக் காகிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் என்ற நினைப்பு. அவன் இரண்டு பிள்ளைகளும் கூட்டத்தில் யார் யார் கையிலோ இருந்தார்கள்.

இரண்டு வருடம் முடியாத பாலிசி. விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார், கறாரான மனிதர். ஊரில் பத்துப் பேரைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். முதல் டீக்கடையில், "கோவிந்தன் என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டார். "பரிசலு, வலை, ரெண்டும்" என்றார் கடைக்காரர். அதிகாரி கோப்பைத் திறந்து பார்த்தார். அதே வார்த்தைகள். வெள்ளத்திலும் இறங்கும் வழக்கம் உள்ளவர் என்று அந்த அம்மாவின் கையெழுத்தில் ஒரு குறிப்பு, அதற்கான கூடுதல், கோவிந்தனின் கையெழுத்து. "இதுல நான் விசாரிக்க என்ன இருக்கு?" என்று மூடிவிட்டார். வந்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

உங்களிடம் இன்று ஒருவர் நான்கு இடத்தில் விலை கேட்டுவிட்டு வருவார். உங்களுடையது எல்லாவற்றிலும் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டீர்கள் என்று பாருங்கள். சிகரெட்டா, சர்க்கரையா, தகப்பனாருக்கு வந்த மாரடைப்பா, வேலையா? அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால், ஒருநாள் அவர் மனைவியிடம் வேறொருவர் கேட்பார். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் இருக்க மாட்டார்.

கோவிந்தனின் பணத்துக்கான காசோலையைக் கொடுக்க நானே போனேன். சின்னப்பொண்ணு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கையெழுத்து போடச் சொன்னது நான்தானுங்க" என்றாள். "நாத்தனாரு சொல்லிட்டுப் போனதும் நானும் சொன்னேன். ஒரு வாரம் எங்கிட்ட மொகங்குடுத்துப் பேசல. நாஞ் செத்துருவேன்னு நெனச்சுக்கிட்டயான்னு கேட்டாரு."

முனியம்மா அவள் தோளில் கை வைத்திருந்தார். அவளும் இப்போது முனியம்மாவின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

கிளம்பப் போனவனைச் சின்னப்பொண்ணு நிறுத்தினாள். "ஏனுங்க, எம்பேருல ஒண்ணு போட்டா எவ்வளவு ஆவும்? இனி இந்தப் புள்ளைங்களுக்கு நான்தான் இருக்கறேன்."

ரேட் புக் சட்டைப்பையில்தான் இருந்தது. அவள் வயதும் எனக்குத் தெரியும். ஒரு நொடியில் எண்ணைச் சொல்லிவிடலாம்.

"இப்ப சொல்லத் தெரியலம்மா" என்றேன். "மொதல்ல இந்தப் பணத்த பேங்குல போடுங்க. அப்பறமா ஒருநாள் வர்றேன். காலையில எந்திரிச்சதுலருந்து நீங்க என்ன வேலையெல்லாம் செய்யறீங்க, உடம்புக்கு எதாச்சும் இருக்குதா, எல்லாம் சொல்லணும்."

முனியம்மா எனக்கு உட்காரப் பலகையை இழுத்துப் போட்டார்.

"எதுக்குங்க இன்னொரு நாளு?" என்றார். "இப்பவே கேளுங்க. அவ சொல்லுவா."